கை தெரிந்த பூட்டு

சுனாமிக்கு அடுத்த வருடம் எனக்கு அந்த வேலை கிடைத்தது. கடலோர பங்களாக்களுக்கு ஆள் வராமல் கிடந்த சமயம். முட்டுக்காட்டில் அப்படிப்பட்ட ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து எங்கள் கம்பெனி நடந்தது. கம்பெனி என்றால் மொத்தமே ஐந்து பேர். செங்கல்பட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நான், பேப்பரில் விளம்பரம் பார்த்துப் போய் மூன்றாவது ஆளாகச் சேர்ந்தேன்.

நாங்கள் செய்தது ஒரு பூட்டு. அதன் சாவிக்குப் பல் கிடையாது. விரல் நீளத்தில் வழவழப்பான ஒரு எஃகுத் தண்டு, அவ்வளவுதான். அதைப் பூட்டில் செருகி, ஒரு நொடி அசையாமல் பிடித்து, பிறகு வலப்பக்கம் திருப்ப வேண்டும். எந்த விரல் எவ்வளவு அழுத்துகிறது, எந்த வேகத்தில் திருப்புகிறது, எந்த இடத்தில் தயங்குகிறது என்பதையெல்லாம் உள்ளே இருக்கும் சிப் குறித்துக்கொள்ளும். முதல் நாள் இருபது தடவை திருப்பிக் காட்டினால் போதும், அந்தக் கை அதற்குப் பழகிவிடும். பிறகு அதே சாவியை வேறு யார் செருகினாலும் சிவப்பு விளக்கு எரியும், கதவு திறக்காது.

இதை யோசித்தவர் எங்கள் முதலாளி. வெளிநாட்டில் பதினைந்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். நாங்கள் அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம். “இன்னும் பத்து வருஷத்துல யாரும் வேற பூட்டு வாங்க மாட்டாங்க பாருங்க” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நாங்களும் நம்பினோம். பங்களாவின் காம்பவுண்டு சுவர் நெடுக பூட்டுகளை மாட்டி உப்புக்காற்றில் விட்டிருந்தோம். காலையில் வந்ததும் ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பார்த்து எழுதுவது என் வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் படகுத்துறைக்கு வந்தவர்கள் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு கூச்சல் போடுவது கேட்கும்.

வீடு செங்கல்பட்டில். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வந்து, அங்கே பஸ் மாறி முட்டுக்காடு போவேன். நான் ஒரே மகள், வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்பா ரயில்வேயில் இருந்தார். தொண்ணூறுகளின் நடுவில், நான் பிளஸ் டூ படிக்கும்போது, மஞ்சள் காமாலையில் போய்விட்டார்.

அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளைப் பெற்றவர்கள் அச்சரப்பாக்கம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். மிஷன் ஹாஸ்டலில் தங்கிப் படித்து, அந்தத் தெருவிலிருந்து வெள்ளை உடுப்பு போட்டவள் அவள் ஒருத்திதான். ஊசி போடுவதில் அம்மாவுக்குப் பெயர். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் பெண்கள் வார்டு வாசலிலேயே நின்று, “கண்ணாடி போட்ட சிஸ்டரம்மா கீறாங்களா? அவங்க போட்டா கொழந்த அழுவாது” என்று கேட்பார்களாம். பல வருடம் கழித்தும் சர்ச்சில் யாராவது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்தக் கைதான் எங்க பையனுக்கு ஊசி போட்டது” என்பார்கள். நான் வேலையில் சேர்ந்த வருடம்தான் அம்மா ரிட்டையர் ஆனாள்.

விற்பனைக்குக் கொண்டுபோகும் முன் ஒரு வருடமாவது பூட்டை நிஜ வீடுகளில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் சார். ஆறு வீடுகள் தேவைப்பட்டன. எங்கள் வீட்டைக் கொடுத்தேன். அவசரத்துக்கென்று பல் வைத்த மாற்றுச் சாவி எதுவும் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. வைத்தால் எல்லாரும் அதைத்தான் எடுப்பார்கள், பூட்டின் குறை நிறை தெரியாமலே போய்விடும் என்றார். அது நியாயமாகத்தான் எனக்கும் பட்டது.

ஒரு சனிக்கிழமை பூட்டை மாட்டினோம். நானும் திருப்பிக் காட்டினேன், அம்மாவும் திருப்பிக் காட்டினாள். எனக்கு இருபது தடவை போதவில்லை, முப்பதைத் தாண்டியது. அம்மாவுக்குப் பதினைந்திலேயே பச்சை விளக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா வந்து தானும் சாவியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, உங்க பூட்டு என்னியப் பாத்து மொறைக்குது?”

“மொறைக்கும். முப்பது வருஷம் சர்வீஸ் போட்ட கை இது. உன் கையும் என் கையும் ஒண்ணா?” என்று அம்மா சிரித்தாள். அன்றைக்கு எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்தச் சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தோற்றுப் போனார்கள். அம்மா எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள்.

ஞாயிறுதோறும் சர்ச்சிலிருந்து வந்ததும் லேப்டாப்பைப் பூட்டோடு கேபிளில் இணைத்து, அந்த வாரத்துக் கணக்கை எடுப்பேன். ஒவ்வொரு திருப்பலும் திரையில் ஒரு கோடாக வரும். முதலில் சமதரையாக ஒரு நொடி, பிறகு குன்று மாதிரி ஏறி இறங்கும். மற்ற ஐந்து வீடுகளின் கோடுகள் நாளுக்கொரு விதமாக இருந்தன. அவசரம், தூக்கம், கையில் பை, எல்லாம் அதில் தெரியும். அம்மாவுடைய கோடு மட்டும் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் பிரித்தே பார்க்க முடியாது. சார் அதில் ஒன்றை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டார். “இந்த அம்மா கைதான் நமக்கு ஸ்டாண்டர்ட்” என்றார். நான் வீட்டில் வந்து சொன்னேன். அம்மா அன்று எனக்குப் பிடித்த இறால் தொக்கு செய்தாள்.

அது ஏழு மாதம் அப்படியே போனது.

முதல் தடவை சிவப்பு விளக்கு எரிந்தபோது அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்க்கெட்டிலிருந்து வந்த ஈரக் கை என்றாள். பிறகு வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்று ஆயிற்று. நாலு தடவை திருப்பினால் ஐந்தாவதில் திறக்கும். ஒரு நாள் நான் வேலை முடிந்து வரும்போது காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“ஒழுங்காப் பிடிம்மா” என்றேன்.

“நான் ஒழுங்காத்தான் பிடிக்கிறேன். உன் பூட்டுக்குத்தான் இன்னாவோ ஆயிடுச்சி.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். பூட்டைக் கழற்றி முட்டுக்காட்டுக்கு எடுத்துப் போய்ப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே சுத்தமாக இருந்தது. இருந்தாலும், உணரும் பகுதியில் ஈரம் என்று அறிக்கையில் எழுதினேன். புதுப் பூட்டு மாட்டினேன். அம்மா மறுபடியும் இருபது தடவை திருப்பிக் காட்டினாள். இந்த முறை இருபது போதவில்லை. ஒரு மாதம் சரியாக இருந்தது, பிறகு அதுவும் சிவப்பு காட்ட ஆரம்பித்தது.

கோட்டில் மாற்றம் இருந்தது. குன்று அகலமாகியிருந்தது, ஒரு நொடியில் திருப்பியது இரண்டு நொடிக்கு மேல் ஆயிற்று. அதைவிட முக்கியமாக, சாவியை அசையாமல் பிடிக்க வேண்டிய அந்த முதல் நொடியில், சமதரையாக இருக்க வேண்டிய இடத்தில், ரம்பப் பல் மாதிரி பொடி அலைகள் வந்திருந்தன. நொடிக்கு நாலு, ஐந்து. கரண்டில் வரும் இரைச்சல், எங்கள் வீட்டு எர்த் ஒயர் சரியில்லை என்று முடிவு செய்தேன். கரண்டின் இரைச்சல் நொடிக்கு ஐம்பது தடவை அடிக்கும், நாலு ஐந்தாக வராது. நான் அதைப் படித்தவள்தான். அந்தக் கணக்கு இடிக்கிறது என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது. ஆனால் வேலை நிறைய இருந்தது. அந்த அலைகளைத் துடைத்துவிட்டு மீதியை மட்டும் பார்க்கும்படி இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினேன். கோடு அழகாக வந்தது. சார் பாராட்டினார்.

அதன் பிறகும் குன்று அகன்றுகொண்டே போயிற்று. அம்மாவுக்கு மட்டும் பூட்டின் கண்டிப்பைக் கொஞ்சம் தளர்த்தினேன். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாகப் பக்கத்து வீட்டு அக்கா திருப்பினார். பச்சை எரிந்து கதவு திறந்துகொண்டது. எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் உள்ளே எழுந்து போய்விட்டாள். நான் மறுநாளே பழைய கண்டிப்பைத் திரும்ப வைத்துவிட்டேன். சோதனை என்றால் சோதனையாக இருக்க வேண்டுமே.

அந்தச் சமயத்தில்தான் கணக்கில் இன்னொரு விசித்திரம் வந்தது. பகல் பதினோரு மணிக்கு மேல், நான் வேலையில் இருக்கும் நேரத்தில், ஒரே மணி நேரத்தில் நாற்பது, நாற்பத்தைந்து திருப்பல்கள். ஒரு மனுஷி ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை வீட்டுக்குள் போய் வர முடியாது. பூட்டு ஒரே பதிவைத் திரும்பத் திரும்ப எழுதுகிறது என்று நினைத்து அவற்றையெல்லாம் அழித்தேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஐப்பசியில் ஒரு நாள் மதியம். மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில் எங்கள் பூட்டைக் காட்டப் போயிருந்தோம். அந்த ஹோட்டல்காரர்கள் எல்லா அறைகளுக்கும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். சாரும் நானும் மேனேஜருக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தபோது என் செல்போன் அடித்தது. அம்மா.

“கதவு தொறக்க மாட்டேங்குதுடி. மழ பெய்யுது. பக்கத்து வூட்டுலயும் யாரும் இல்ல, மதுராந்தகம் போயிட்டாங்க.”

“இன்னொரு தடவை ட்ரை பண்ணும்மா.”

“பண்ணிக்கினேதான் இருக்கேன். ஒரு மணி நேரமா.”

மேனேஜர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி நின்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். “ஒரு சாவியப் பிடிச்சித் திருப்பக்கூடத் தெரியலன்னா நான் இன்னாம்மா பண்றது? மத்த அஞ்சி வூட்டுலயும் எல்லாரும் தொறக்கறாங்க இல்ல?”

“சரி, நீ வேலையப் பாரு” என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

நான் வீடு வந்து சேர ஐந்து மணி ஆயிற்று. அம்மா சன்ஷேடுக்குக் கீழே சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். தலையும் முதுகும் நனைந்திருந்தன. நான் சாவியைச் செருகியதும் கதவு திறந்தது. அவள் என்னைத் தாண்டி நேராகக் குளியலறைக்குப் போய், புடவையை மாற்றி, மாற்றிய புடவையை அப்போதே துவைத்துப் போட்டாள். மழையில் நனைந்ததற்கு எதற்கு சோப்புப் போட்டுத் துவைக்கிறாள் என்று நினைத்தேன். அத்தனை நேரம் அவளால் அடக்க முடியாமல் போயிருந்தது என்பதை, வெகு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவரிடம் சொன்னவள் என்னிடம் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து சாரின் நண்பர் ஒருவர் முட்டுக்காட்டுக்கு வந்தார். நரம்பு டாக்டர். ஆஸ்பத்திரி மருந்து அலமாரிகளுக்கு இந்தப் பூட்டு சரிப்படுமா என்று பார்க்க சார் அழைத்திருந்தார். மதிய வெயிலில் வந்தவர் மோர் குடித்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த அம்மாவின் கோட்டைப் பார்த்தார். அது எவ்வளவு உறுதியான கை என்று சார் விளக்கினார். பிறகு பக்கத்து மேசையில், நான் துடைக்காமல் வைத்திருந்த அந்த மாதத்து அச்சை டாக்டர் கையில் எடுத்தார்.

“இது யாரு?”

“அதே அம்மாதான் டாக்டர்” என்றேன். “எங்க வீட்டு எர்த் சரியில்ல. அதான் இந்த அலை.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தத் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “எத்தனை மாசமா இப்படி வருது?”

“அஞ்சு மாசம் இருக்கும்.”

“அவங்க நடை எப்படி இருக்கு? மெதுவாயிடுச்சா? கையெழுத்து சின்னதாயிருக்கா?”

வாசலில் செருப்பை மாட்ட அம்மா எடுத்துக்கொள்ளும் நேரம் ஞாபகம் வந்தது. பிளவுஸ் ஊக்கை மாட்டிவிடச் சொல்லி என்னிடம் கேட்காமல், வீட்டில் தலைவழியாக மாட்டும் நைட்டிக்கே மாறிவிட்டது ஞாபகம் வந்தது. “உங்க பூட்டு நல்லாத்தாம்மா வேலை செய்யுது” என்றார் டாக்டர், மெதுவாக. “அவங்களைக் கூட்டிட்டு வாங்க.”

அன்று சீக்கிரமே கிளம்பிவிட்டேன். அம்மா சமையலறையில் உட்கார்ந்து அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். சும்மா இருந்த கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், மாத்திரையை உருட்டுகிற மாதிரி ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. தினமும் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டவள் நான்.

“டாக்டர் ஒருத்தர் சொன்னாரும்மா…” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்” என்றாள்.

“இன்னா தெரியும்?”

“வார்டுல எத்தினி பேரப் பாத்துருக்கேன். எனக்குத் தெரியாதா? ரிட்டையர் ஆவறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே தெரியும். ஊசி போடறத நிறுத்திட்டேன். சின்னப் பொண்ணுங்களப் போடச் சொல்லிட்டு, நான் ரிஜிஸ்டர் எழுதுனேன். அப்புறம் எழுத்தும் எறும்பு மாதிரி ஆயிடுச்சி. சமயத்துல நடுக்கம் விட்டுடும், நல்லாக்கூட இருக்கும். பூட்டு மாட்டுன அன்னிக்கி ரொம்ப நல்லா இருந்திச்சி, அப்புறமும் பல மாசம் அப்டியே இருந்திச்சி. அது பச்ச காட்டுச்சி இல்ல? ஒண்ணும் இல்லன்னு நெனச்சிக்கினேன்.”

“ஏம்மா என்னாண்ட சொல்லல?”

அம்மா கையை விடுவித்துக்கொண்டு அடுத்த அவரைக்காயை எடுத்தாள். “நீ பூட்டு சரியில்ல, பூட்டு சரியில்லன்னு சொல்லிக்கினு இருந்த. எனக்கும் அதுவே நல்லா இருந்திச்சி.”

அந்த நாற்பது நாற்பத்தைந்து பதிவுகளைப் பற்றிக் கேட்டேன். நான் வேலைக்குப் போன பிறகு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டே, சாவியைச் செருகித் திருப்பிப் பழகிப் பார்த்தாளாம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பச்சை வருகிறது என்று எண்ணுவாளாம். இருபதுக்கு மேல் வந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

மறுநாள் நானே அந்தப் பூட்டைக் கழற்றினேன். சாதாரணக் கைப்பிடித் தாழ்ப்பாள் ஒன்று போட்டேன். டாக்டரிடம் அழைத்துப் போனேன், நடுக்குவாதம் என்றார், மாத்திரைகள் தொடங்கின. ஆரம்பத்தில் நன்றாகவே கேட்டன. ஒரு வருடத்துக்கு மேல் அம்மா தன் வேலைகளைத் தானே செய்துகொண்டாள்.

கம்பெனி அவ்வளவு நாள் தாங்கவில்லை. மாமல்லபுரம் ஹோட்டல்காரர்கள் சில அறைகளில் மாட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார்கள். விருந்தினர்கள் குடித்துவிட்டு வந்தால் திறக்கவில்லை, நீச்சலடித்துக் குளிரோடு வந்தால் திறக்கவில்லை. மனிதர்களின் கை நாங்கள் நினைத்த மாதிரி ஒரே கையாக இல்லை. சார் கடைசி முயற்சியாக, நோயைக் கண்டுபிடிக்கும் கருவி என்று இதையே மாற்றிப் பார்க்க நினைத்தார். அதற்கு அம்மாவின் ஒரு வருடத்துப் பதிவுகள் வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அம்மாதான், “குடு. யாராவது ஒருத்தருக்கு முன்னாடியே தெரியட்டுமே” என்றாள். கொடுக்க உட்கார்ந்தபோது பார்த்தால், முக்கியமான மாதங்களில் அசல் இல்லை. அலைகளைத் துடைத்துவிட்டு அதன்மேலேயே சேமித்து வைத்திருந்தேன். பழகிப் பார்த்த நாட்களையும் நான்தான் அழித்திருந்தேன். மிஞ்சியதெல்லாம் சலனமில்லாத நல்ல கோடுகள். சில மாதங்களில் பங்களாவைக் காலி செய்தோம்.

எனக்கு சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்தது. காலையில் கேப் வரும். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்தேன், பக்கத்து வீட்டு அக்காவும் வந்து உட்காருவார். மூன்றாவது வருடம் அம்மாவால் தனியாகத் திரும்பிப் படுக்க முடியவில்லை. பேச்சு குழறியது. முகத்தில் சிரிப்பு வருவது நின்றுவிட்டது; சிரிக்கிறாளா என்பதைக் கண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்த நர்ஸ் ஒருத்தி நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தியபோது, எந்த இடத்தில் குத்த வேண்டும் என்று அம்மா கண்ணாலேயே காட்டினாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசி வருடத்தில் ஒரு ஞாயிறு மதியம், ரசம் சாதத்தைக் குழைத்து ஸ்பூனில் ஊட்டிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். “அன்னிக்கி மழையில, போன்ல உன்ன அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா.”

அம்மா வாயிலிருந்ததை விழுங்கினாள். அதற்கே நேரம் எடுத்தது. பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். நாலைந்து வார்த்தை இருக்கும். எனக்குப் புரியவில்லை.

“இன்னாம்மா?”

மறுபடியும் சொன்னாள். நான் காதை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். மூச்சும் எச்சிலும் கலந்து வந்த அந்தச் சத்தத்தில் “கதவு” என்று ஒரு சொல் இருந்த மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மூன்றாவது தடவை கேட்டபோது அவளுக்குக் களைத்துவிட்டது. “வுடு” என்றாள். அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

நான் ஸ்பூனை எடுத்தேன். இன்னும் இரண்டு வாய் வாங்கிக்கொண்டாள். தண்ணீர் வேண்டும் என்று கண்ணைக் காட்டினாள், கொடுத்தேன். அடுத்த தை மாதத்தில் நெஞ்சில் சளி கட்டி, மூன்றே நாளில் போய்விட்டாள்.